தங்கைக்கு வாடா சோதனை அவசியம்தானா?

இளவேனில் கேட்டது:
தங்கைக்கு வயது 24, இடது கைப் பழக்கம். சிறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, மூளையின் இடப்பக்கம் தழும்பு நின்றுவிட்டது. வலிப்பு எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. காதுப் பக்கம் இருக்கும் மூளைப் பகுதியான இடது டெம்போரல் மடலில் அறுவை செய்யலாம் என்கிறார்கள். பேச்சு எந்தப் பக்கம் என்று அறிய எஃப்எம்ஆர்ஐ என்ற மூளைப் படம் எடுத்ததில், இரு பக்கமும் தெரிவதாக முடிவு வந்தது. இப்போது வாடா சோதனையும் வேண்டுமாம். பாதி மூளையை மயக்குவார்கள் என்று கேட்டதிலிருந்து அவள் மிரண்டுபோயிருக்கிறாள். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறவள். பேச்சுதான் அவளுடைய பிழைப்பு. படம் எடுத்த பிறகு இது எதற்கு?

செந்தாழை:
எனக்குச் செய்தார்கள். தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் கழுத்துத் தமனிவரை போகும். இரு கைகளையும் உயர்த்தி எண்களைச் சொல்லச் சொன்னார்கள். இடப்பக்கம் மருந்து இறங்கியதும் வலது கை தானாகத் தொய்ந்தது, எண்ணுவதும் நின்றது. எதிரே காட்டிய சீப்பு எனக்குத் தெரிந்தது, பெயர்தான் வரவில்லை. சில நிமிடங்களில் பேச்சு திரும்பியது. வலி பெரிதாக இல்லை. பேச்சு நிற்கக்கூடும், பிறகு வந்துவிடும் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள். அது பெரிய தைரியம்.

நரம்பு உளவியலாளர்:
தம்பி, எஃப்எம்ஆர்ஐ ரத்த ஓட்டம் மாறும் இடங்களைக் காட்டும். பேச்சுக்குத் துணைநிற்கும் இடமும் ஒளிரும், அது இல்லாமல் பேசவே முடியாத இடமும் ஒளிரும். ஜூன் வாடா 1949இல் எழுதிய முறை நேர்மாறானது: ஒரு பக்கத்தைச் சற்று நேரம் உறங்கவைத்து, மற்றப் பக்கம் தனியாக என்ன செய்கிறது என்று பார்ப்பது. இதே சோதனையைக் கொண்டு ராஸ்முசன், மில்னர் என்ற ஆய்வாளர்கள் 1977இல் வெளியிட்ட கணக்கில், வலது கைக்காரர்களில் 96 சதவீதத்தினருக்குப் பேச்சு இடப்பக்கம். இடது கைக்காரர்களில் சுமார் 70 சதவீதம்தான். அதுவும் சிறு வயதில் இடப்பக்கம் பாதிக்கப்படாதவர்களின் கணக்கு. பாதிக்கப்பட்டவர்களில் வலப்பக்கத்துக்கு மாறியவர்கள் அதிகம். உங்கள் தங்கை விஷயத்தில் ஊகத்தை நம்பிக் கத்தி வைக்க எனக்கு மனம் வராது.

இன்னொன்று, நினைவாற்றல். மருந்து வேலை செய்யும்போது காட்டிய பொருள்களைத் தெளிந்த பிறகு அடையாளம் காட்டச் சொல்வோம். நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸை இடப்பக்கம் எடுத்தால் வலது பக்கம் தாங்குமா என்பதற்கு அது ஒரு தடயம். தமனிக்குள் குழாய் விடுவதால் பக்கவாத அபாயம் சிறிதளவு உண்டு. அதை மறைக்காமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் இது தேவையில்லை, எஃப்எம்ஆர்ஐ தெளிவாக இருந்தால் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

இளவேனில்:
நன்றி அம்மா. பேச்சு இடப்பக்கம்தான் என்று வந்தால் அறுவையே கிடையாதா?

நரம்பு உளவியலாளர்:
அப்படியில்லை. எடுக்கும் பகுதியைக் குறைக்கலாம். விழிப்பிலேயே வைத்து மின்தூண்டல் கொடுத்து, பேச்சு தடுமாறும் இடங்களைத் தவிர்க்கலாம். ஆனால் பொருள்களின் பெயர் நாவில் வரத் தாமதமாகும் சிக்கல் பிறகு நேரலாம். ஆசிரியைக்கு அது சிறிய விஷயமல்ல, முன்பே பேசுங்கள். அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பாடம் எடுப்பவள் என்றால் இரண்டிலும் சோதிக்கச் சொல்லுங்கள். சோதனையில் காட்டப்போகும் பொருள்களின் படங்களை முந்தின நாளே அவளிடம் காட்டி, சரியாகப் பெயர் சொன்னவற்றை மட்டும் சோதனைக்கு வைக்க வேண்டும்.