ஏர் ப்யூரிஃபையர் போட்டா ஜெராக்ஸ் கடை வாசனை வருது, பையன் இருமுறான்... எதை வாங்கலாம்?

கொடுங்கையூர் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கொடுங்கையூர்ல ரெண்டாவது மாடி, பின்பக்கம் குப்பைமேட்டுக் காத்து, முன்பக்கம் லாரி ஓயாம போற ரோடு. பையனுக்கு ஆறு வயசு, வீசிங் இருக்கு, டாக்டர் இன்ஹேலர் குடுத்திருக்காரு. மார்கழி வந்துட்டா நடுராத்திரி இருமி இருமி எந்திரிச்சு உக்காந்துக்குவான், பாக்கவே முடியல. நாத்தனார் வீட்ல சும்மா கிடந்த ஒரு மெஷினை ட்ரையலுக்கு கொண்டு வந்து வெச்சோம். அதுல ஃபில்டரே கிடையாது, தூசில மின்சாரம் ஏத்திவிடுற அயனைசர்தானாம், அட்டைப்பெட்டில "ஆக்டிவ் ஆக்சிஜன்"னு போட்டிருக்கு. போட்ட கொஞ்ச நேரத்துல ஜெராக்ஸ் கடைக்குள்ள நிக்கிற மாதிரி காரமா ஒரு வாசனை. வீட்டுக்காரர் அது காத்து சுத்தமாகுற வாசனைங்கிறாரு, ஆனா பையனுக்கு இருமல் கூடுற மாதிரிதான் எனக்குத் தெரியுது. இது சேஃபா? புதுசு வாங்கணும்னா எதைப் பாத்து வாங்கணும்? பட்ஜெட் பன்னெண்டாயிரம், பெட்ரூம் 12க்கு 11 அடி, ஸ்ப்ளிட் ஏசி இருக்கு.

லேப்_டெக்னிஷியன்:
சிஸ், முதல்ல அதை ஆஃப் பண்ணி ப்ளக்கைப் புடுங்குங்க, ஜன்னலைத் திறந்து விடுங்க. அந்தக் காரவாசனை ஓசோன். ஜெராக்ஸ் மெஷின்லயும் ஹை வோல்டேஜ்ல இதேதான் உண்டாகும், அதான் உங்களுக்கு அப்படித் தோணியிருக்கு. மேல வானத்துல இருக்கிற ஓசோன் நமக்கு நல்லது, மூச்சுக்குள்ள போனா மூச்சுக்குழாயை அரிக்கும், வீசிங் உள்ள புள்ளைக்கு இன்னும் மோசம். "ஆக்டிவ் ஆக்சிஜன்"ங்கிறதே ஓசோனுக்கு வெச்ச விற்பனைப் பேருதான். கலிஃபோர்னியால வீட்டு ப்யூரிஃபையர் 0.050 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காத்துல 0.050 பங்கு) மேல ஓசோன் விடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஃபில்டர் இல்லாத மெஷின்ல தூசி சுவத்துலயும் மெத்தையிலயும் போய் ஒட்டும், அவ்வளவுதான், பெட்ஷீட்டை உதறினா திரும்பக் கிளம்பிடும்.

கொடுங்கையூர் அம்மா:
ஐயோ, உடனே ஆஃப் பண்ணிட்டேன். அப்ப நுண்தூசியைப் புடிக்கிற ஹெபா ஃபில்டர் வெச்சதுதான் வாங்கணுமா? கடைக்காரர் "ஹெபா டைப்"னு ஒண்ணு காட்டுறாரு, விலை பாதிதான், 500 சதுர அடிக்கே போதும்னு சொல்றாரு.

ஏசி_சர்வீஸ்_வியாசர்பாடி:
அக்கா, "ஹெபா டைப்", "ஹெபா லைக்" எதையும் தொடாதீங்க, அதுக்கு எந்தக் கணக்கும் கிடையாது. எச்13ங்கிற ஹெபா தரம் தெளிவா எழுதியிருக்கணும், அப்படின்னா புடிக்கவே கஷ்டமான சைஸ் தூசியில கூட 99.95 சதவீதம் புடிக்கணும்னு அர்த்தம். ஆனா ஃபில்டர் நல்லா இருந்தா மட்டும் போதாது, ரூம்ல இருக்கிற காத்து எத்தனை தடவை அது வழியா போகுதுங்கிறதுதான் விஷயம், இதைக் கடையில யாருமே சொல்ல மாட்டாங்க. பெட்டியில சிஏடிஆர்னு ஒரு நம்பர் இருக்கும், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்து குடுக்கும்ங்கிற கணக்கு, அதைப் பாருங்க. உங்க ரூம் 12 x 11, உயரம் 10 அடின்னு வெச்சா 1320 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 37 கன மீட்டர், மணிக்கு அஞ்சு தடவை மொத்தக் காத்தும் சுத்தமாகணும்னா சிஏடிஆர் கிட்டத்தட்ட 185 வேணும். ஆனா அந்த நம்பர் ஃபுல் ஸ்பீட்ல எடுக்கிறது. ஃபுல் ஸ்பீட்ல வெச்சா சத்தத்துல புள்ளை தூங்காது, ஸ்லீப் மோட்ல வெச்சா பாதி கூட வராது. அதனால 300 பக்கம் இருக்கிறதா பாத்து வாங்கி நடு ஸ்பீட்ல ஓட விடுங்க. 500 சதுர அடிங்கிறதெல்லாம் மணிக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னு கணக்குப் போட்டு சொல்றது. புது ஃபில்டர் என்ன விலை, நம்ம ஊர்ல கிடைக்குமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க, மெஷினை மலிவா குடுத்துட்டு ஃபில்டர்லதான் காசு பாப்பாங்க. அயனைசர் இருக்கிற மாடலா இருந்தா அதைத் தனியா ஆஃப் பண்ண முடியணும்.

கொடுங்கையூர் அம்மா:
ரொம்ப நன்றி தம்பி. ஏசியும் இதுவும் சேத்து ஓட்டலாமா? அப்புறம் மாமியார் வெள்ளி செவ்வாய் சாம்பிராணி போடுவாங்க, ராத்திரி கொசுவர்த்தி வேற. குப்பை எரியுற நாத்தமும் போகுமா?

பெரம்பூர்_பாட்டி:
அம்மாடி, என் பேத்திக்கும் இதே கதைதான், அதனால சொல்றேன். முதல்ல கொசுவர்த்தியை நிறுத்து. ஒரு சுருள் எரிஞ்சா வர்ற நுண்தூசி 75லேருந்து 137 சிகரெட் வரைக்கும் சமம்னு 2003ல ஆராய்ச்சியே வந்திருக்கு, மூடுன ரூம்ல அதைக் கொளுத்திட்டு பக்கத்துல மெஷின் வெச்சு என்ன பிரயோஜனம். கொசுவலை கட்டு. மாமியார்கிட்ட சாம்பிராணியே வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படும், ஹால்ல, ஜன்னல் திறந்து, புள்ளை ரூம் கதவைச் சாத்திட்டு போடச் சொல்லு. முக்கியமா இன்ஹேலரை டாக்டர் சொல்லாம நிறுத்திடாதே, மெஷின் வந்துடுச்சேன்னு விட்டுடுறவங்க நிறைய.

ஏசி_சர்வீஸ்_வியாசர்பாடி:
பாட்டி சொன்னதுதான் முதல் வேலை. ஏசியோட தாராளமா ஓட்டலாம். ஸ்ப்ளிட் ஏசி ரூம் காத்தையே சுத்த விடுது, அதுல இருக்கிற வலை பெரிய தூசியை மட்டும்தான் புடிக்கும். நாத்தத்துக்கு ஹெபா உதவாது, ஆக்டிவேட்டட் கார்பன் வேணும், அதுவும் கறுப்பு ஸ்பாஞ்சு மாதிரி மெல்லிசா ஒட்டியிருந்தா சீக்கிரமே தீந்துடும், குண்டு குண்டா கார்பன் நிறைய இருக்கிறதா பாருங்க. ஆனா குப்பைமேட்டு வாசனை முழுசா போகும்னு எதிர்பாக்காதீங்க.

லேப்_டெக்னிஷியன்:
ஜன்னலை எப்ப திறக்கிறதுன்னு குழப்பமா இருந்தா சிபிசிபியோட (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) சமீர் ஆப்ல மணலி ஸ்டேஷனைப் பாருங்க. நம்ம நாட்டு அளவுகோல்படி பிஎம் 2.5ங்கிற நுண்தூசி ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் தாண்டக்கூடாது, டபிள்யூஎச்ஓ (உலக சுகாதார அமைப்பு) 2021ல 15ன்னு வெச்சிருக்கு. போகி காலைல கண்டிப்பா மூடியே வைங்க, 2018 போகிக்கு புகையில ஏர்போர்ட்ல ஃப்ளைட்டே இறங்க முடியாம போச்சு. ஆனா நாள் பூரா பூட்டியே வெச்சா ரூம்ல கார்பன் டை ஆக்சைடு ஏறும், அதை எந்த ப்யூரிஃபையரும் எடுக்காது, மதியம் கொஞ்ச நேரமாவது திறங்க.

கொடுங்கையூர் அம்மா:
அப்டேட்: எச்13, சிஏடிஆர் 310ல ஒண்ணு வாங்கிட்டோம். கொசுவலையும் கட்டியாச்சு. ஆனா நேத்து ராத்திரி முழுக்க லைட் சிவப்புலயே நிக்குது, மெஷின் காட்டுற தூசி நம்பர் 140லேருந்து இறங்கவே மாட்டேங்குது, கதவு ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருக்கு. டிஃபெக்ட் பீஸா?

ஏசி_சர்வீஸ்_வியாசர்பாடி:
அக்கா ஆஃப் பண்ணிட்டு பின்மூடியைக் கழட்டி ஃபில்டரை வெளிய எடுத்துப் பாருங்க. பாலிதீன் கவரோடவே உள்ள இருக்கும், கம்பெனில அப்படியேதான் வெச்சு அனுப்புவாங்க, நிறைய வீட்ல பாத்திருக்கேன்.

கொடுங்கையூர் அம்மா:
ஆமா தம்பி!! கவர் அப்படியே இருந்துச்சு. கழட்டிட்டு போட்டேன், அரை மணி நேரத்துல 30க்கு வந்துடுச்சு.

ஏசி_சர்வீஸ்_வியாசர்பாடி:
சூப்பர். சுவத்தை ஒட்டி வைக்காதீங்க, ஒரு அடி தள்ளி, கட்டில் பக்கமா இருக்கட்டும். முன்னாடி இருக்கிற வலையை மட்டும் மாசம் ரெண்டு தடவை வேக்யூம் பண்ணுங்க, ஹெபாவைத் தண்ணில அலசவே கூடாது, நைஞ்சு போயிடும். இன்னைக்குத் தேதியை மார்க்கர்ல ஃபில்டர் ஓரத்துல எழுதி வைங்க. நாத்தனார் மெஷினை அவங்க வீட்லயும் ஓட்ட வேணாம்னு சொல்லிடுங்க.