அறம் வழுவாத செயற்கை நுண்ணறிவை வைத்துக் கதை எழுதும்போது முடிச்சு எங்கே விழுகிறது?

கேள்வி: புறநகர் எழுத்தாளன்

அனைவருக்கும் வணக்கம். 2060ஆம் ஆண்டில், ஒரு மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் நடப்பதாக அறிவியல் சிறுகதை ஒன்றை எழுதி வருகிறேன். அங்கே 9 டயாலிசிஸ் இயந்திரங்கள் இருக்கின்றன. சிறுநீரகம் செயலிழந்த 14 பேர் காத்திருக்கிறார்கள். யாருக்கு இடம் என்று முடிவு செய்யும் வேலை ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலிடம் விடப்பட்டிருக்கிறது. அது பொய் சொல்லாது. யாருடைய சிபாரிசையும் ஏற்காது. மனித குலத்தை அழிக்கப் புறப்படும் இயந்திரங்களைப் பற்றி வேண்டிய மட்டும் படித்துவிட்டோம் என்பதால், நல்ல நிரல் ஒன்றைப் படைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் வரைவைப் படித்த நண்பர்கள், நிரல் வாயைத் திறந்தாலே ஆசிரமத்தில் உபதேசம் கேட்பது போல இருக்கிறது என்கிறார்கள். அது சரியானதையே செய்யும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், கதையில் முடிச்சு விழவே மாட்டேன் என்கிறது. ரோபோ மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது, கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும், தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவியல் கதை எழுத்தாளர் ஐசக் அசிமவ் வகுத்த மூன்று விதிகளைப் போலச் சில விதிகளை நானும் வகுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீருமா?

மறுமொழி 1: பழைய புத்தகக் கடை

விதிகளை வகுத்துக்கொள்ளலாம், ஆனால் அவை எதற்காக வகுக்கப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று விதிகளும் முழுமையாக எடுத்துரைக்கப்பட்ட 1942ஆம் ஆண்டுக் கதையில், புதன் கோளில் செலினியம் எடுத்துவர அனுப்பப்பட்ட ரோபோ, கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற விதிக்கும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற விதிக்கும் நடுவே சிக்கி, செலினியக் குட்டையையே குடிகாரனைப் போலச் சுற்றிச் சுற்றி வருகிறது. அதன் வடிவமைப்பில் எந்தப் பழுதும் இல்லை. சாதாரணத் தொனியில் சொல்லப்பட்ட கட்டளையும், விலை உயர்ந்தது என்பதால் கூடுதலாக ஊட்டப்பட்ட தற்காப்பு உணர்வும் சம எடைக்கு வந்துவிட்டன, அவ்வளவுதான். உங்கள் நிரலுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் நற்பண்புகளில் எந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதவில்லை. உபதேச வாடை அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

மறுமொழி 2: மூன்றாம் ஷிப்ட்

நான் கதை எழுதுபவள் அல்ல. டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக 11 ஆண்டுகள் வேலை பார்த்தவள். முதலில் உங்கள் கணக்கைத் திருத்த வேண்டும். ஒருவருக்கு ஒரு முறை டயாலிசிஸ் செய்ய ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும். நாளுக்கு 3 ஷிப்ட், வாரத்துக்கு 6 நாள் என்று ஓட்டினால், ஓர் இயந்திரத்தில் வாரத்துக்கு 18 முறை செய்யலாம். ஒருவருக்கு வாரம் 3 முறை என்று வைத்துக்கொண்டால், ஓர் இயந்திரம் 6 பேரைத் தாங்கும். 9 இயந்திரங்கள் 54 பேரைத் தாங்கும். ஆகவே 14 பேருக்கு அங்கே பஞ்சமே கிடையாது. உங்கள் கதை 55ஆவது நோயாளி உள்ளே வரும் நாளில்தான் தொடங்குகிறது.

அந்த நாளில் கேட்கப்படும் கேள்வியும் நீங்கள் நினைப்பது போல் ‘யாரைக் கைவிடுவது’ என்பதாக இருக்காது. எல்லோருக்கும் வாரம் 2 முறை என்று குறைத்துவிட்டால் அதே 9 இயந்திரங்களில் 81 பேருக்கு இடம் கிடைக்கும். நம் நாட்டில் வாரம் 2 முறை மட்டும் செய்துகொள்பவர்கள் ஏராளம். ஆனால் அப்படிக் குறைத்தால், ஏற்கெனவே உள்ள 54 பேரில் பலருக்கு மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் கூடும், சிலருக்கு ஆயுளும் குறையக்கூடும். ஒருவரை முழுதாக வெளியே நிறுத்துவதா, எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சமாக நோகச் செய்வதா என்று கேட்டால், எவ்வளவு நல்ல நிரலாக இருந்தாலும் திணறத்தான் செய்யும்.

இதைப் போன்ற ஒன்று உண்மையிலேயே நடந்திருக்கிறது. திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்வதற்கு வழிவகுத்த குழாய் அமைப்பை 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் உருவாக்கினார். இயந்திரங்கள் சில, தேவைப்பட்டவர்களோ பலர். மருத்துவர்கள் தகுதியானவர்கள் என்று சொன்னவர்களில் யாருக்கு இடம் தருவது என்று தீர்மானிக்க, பெயர் வெளியிடப்படாத 7 பேர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதில் ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி ஆகியோரும் இருந்தார்கள். வயது, வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, படிப்பு, வேலை, எதிர்காலத்தில் எவ்வளவு பயன்படுவார் என்பதெல்லாம் அங்கே எடைபோடப்பட்டன. 1962இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை இதை வெளியே கொண்டுவந்ததும் பெரும் விவாதம் எழுந்தது. அந்தக் குழுவினர் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். தங்களுக்குத் தெரிந்த நல்லவனின் அடையாளத்தை அளவுகோலாகக் கொண்டார்கள். அந்த அடையாளம் அவர்களைப் போலவே இருந்தது. 1972இல் சிறுநீரகச் செயலிழப்புக்கான சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தேர்வுக்குத் தேவை இல்லாமல் போனது. ஆகவே உங்கள் நிரல் உண்மையிலேயே நல்லதாக இருந்தால், ‘ஏன் 9 இயந்திரங்கள் மட்டும்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டாமா?

மறுமொழி 3: தரவுப் பணியாளன்

மேலே சொன்ன அளவுகோல் பற்றி ஒரு சேர்க்கை மட்டும். கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று கணிக்க அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு நிரலை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயின் கடுமையை நேரடியாக அளக்காமல், அந்த நிரல் மருத்துவச் செலவை அதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டது. ஒரே அளவு நோயுற்றிருந்தும் கறுப்பினத்தவருக்குச் செலவிடப்படுவது குறைவு என்பதால், அவர்கள் ஆரோக்கியமானவர்களாகத் தெரிந்தார்கள். இந்தக் கோணலைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புப் பெறுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 விழுக்காடாக உயரும் என்று கணக்கிட்டார்கள். இனம் என்ற தகவலே நிரலுக்குக் கொடுக்கப்படவில்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது. ‘யாருடைய சிபாரிசையும் ஏற்காது’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தரவுக்குள்ளேயே சிபாரிசு கலந்திருந்தால் அதற்கு எப்படித் தெரியும்?

மறுமொழி 4: பழைய புத்தகக் கடை

‘மூன்றாம் ஷிப்ட்’ அம்மாவின் கருத்தில் ஒரு பாதியை மட்டும் மறுக்க அனுமதி வேண்டும். நிரல் திருப்பிக் கேள்வி கேட்பது அழகாக இருக்கும். ஆனால் பதில் வருவதற்குள் 55ஆவது நோயாளியின் உடலில் பொட்டாசியம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு ஏறிக்கொண்டே போகும். சியாட்டிலிலேயே அந்தப் பதில் வரப் பத்தாண்டுகள் ஆயின. கேள்வியை மறுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் நிரலை நான் நல்லது என்று ஏற்க மாட்டேன். இன்றிரவுக்கான பட்டியலையும் அது தர வேண்டும், பட்டியல் அநியாயமானது என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னதை யாரும் காதில் வாங்காவிட்டால் மறுநாளும் பட்டியலைத் தர வேண்டும்.

மறுமொழி 5: திணையும் பாலும்

நிரலின் பேச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். தமிழில் இதை எழுதுபவருக்கு வினைமுற்றிலேயே ஒரு சோதனை காத்திருக்கிறது. ‘சொன்னது’ என்றால் பொருள். ‘சொன்னாள்’, ‘சொன்னார்’ என்றால் ஆள். இரண்டுக்கும் நடுவே ஒளிந்துகொள்ள இடமில்லை. மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்த நன்னூல், உயிருள்ளவையும் இல்லாதவையுமான மற்ற அனைத்தையும் அஃறிணையில் வைத்துவிட்டது. உங்கள் நிரலுக்கு அங்கே கல்லோடும் கன்றுக்குட்டியோடும்தான் இடம். ஆனால் உவப்பினால் திணை மாறுவதையும் அதே இலக்கணம் ஏற்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது உரைகளில் வரும் எடுத்துக்காட்டு. கதைசொல்லி முழுக்க ‘அது’ என்றே எழுதட்டும். வார்டு செவிலியர் ஓரிடத்தில் மட்டும், தன்னையறியாமல், ‘அவ சொன்னா’ என்று சொல்லட்டும். நிரல் நல்லது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்றிதழை நீங்கள் எழுத வேண்டியதில்லை.

மறுமொழி 6: மூன்றாம் ஷிப்ட்

புத்தகக் கடைக்காரர் சொல்வதை ஏற்கிறேன். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சிறுநீர் இன்னமும் ஓரளவு பிரிகிறவர்களுக்கு மட்டும் வாரம் 2 முறை போதும் என்று மருத்துவர் முடிவெடுப்பதுண்டு. உங்கள் நிரலுக்கு இதுவே நியாயமான வழியாகத் தோன்றும். அதற்கு 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மூன்றாவது முறை பறிபோய்விடும் என்று பயந்து, பாதியைக் கொட்டிவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் ஏறும் எடையையும் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

புறநகர் எழுத்தாளன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வரைவில் இருந்த விதிகளையெல்லாம் அடித்துவிட்டேன். 14 பேரும் 54 பேர் ஆகிவிட்டார்கள். 55ஆவதாக 19 வயதுப் பையன் ஒருவன் வருகிறான். அவனுக்கு இடம் கொடுக்க, யாருக்குச் சிறுநீர் பிரிகிறது என்று நிரல் தேடுகிறது. கேனில் பாதியைக் கொட்டிவிட்டு வரும் ஒரு பாட்டி அதன் கணக்கில் அகப்படுகிறாள். பொய் சொல்லாத நிரல் அது. ஆனால் பாட்டியைப் பற்றி இதுவரை யாரும் அதனிடம் எதுவும் கேட்கவில்லை. காலை 6 மணி ஷிப்டுக்கான பட்டியல் இன்னும் அச்சாகவில்லை. இன்றிரவு அந்த இடத்திலிருந்துதான் மீண்டும் எழுதத் தொடங்குகிறேன்.