பொருள்: விமானம் விட்டுச் செல்லும் வெள்ளைக் கோடு – சொல் தேவை (அவசரம்)

அன்புடையீர்,

ஏழாம் வகுப்புத் துணைப்பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போகிறது. உயரே பறக்கும் ஜெட் விமானத்தின் பின்னால் நீளும் வெள்ளைக் கோட்டை என்னவென்று சொல்வது? 'புகைவால்' என்று எழுதிவிட்டேன். பாடமோ 'அது புகையன்று' என்றுதான் தொடங்குகிறது! என் மாணவர்கள் அதை 'ராக்கெட்' என்கிறார்கள்.

— மறுமொழி 1

அம்மா, புகையை விட்டுவிடுங்கள். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ நீராவி வரும். பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில், கழித்தல் 40 பாகைக் குளிரில், அது நொடியில் பனித்துகளாக உறைகிறது. ஆகவே 'உறைதடம்'. வினைத்தொகை, வலி மிகாது. 'உறைத்தடம்' என்று அச்சிட்டால் தலையணை உறையின் தடமாகிவிடும்.

— மறுமொழி 2

ஐயா, பாலுக்கு ஊற்றுவதும் உறை, வாளைச் செருகுவதும் உறை, பழம்பாட்டில் மழைத்துளியும் உறை. எல்லாம் 'உறு' என்ற ஒரே வேரில் முளைத்தவை என்பது என் துணிபு. உறவு, உறையுள், ஏன், உறையூரும் அப்படித்தான். அவ்வூர் முதுகண்ணன் சாத்தனார்தானே 'வலவன் ஏவா வானவூர்தி' பாடினார்!

— மறுமொழி 3

வானவூர்தி இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன், உறையூர் வழியாக வந்து இறங்கிவிட்டது. தயிரை நினைவூட்டும் சொல் பிள்ளைகளுக்கு வேண்டாம். 'மேகவால்' போதும்.

— மறுமொழி 2

மேகம் வடசொல். 'வால்முகில்' எனலாம், வால்வெள்ளி இருக்கிறதே.

— மறுமொழி 4

வால்வெள்ளி வாலுடைய வெள்ளி. இங்கே முகிலுக்கு வால் இல்லை, முகிலே வால். எனவே 'முகில்வால்'. அறிவியலும் இதற்குத் துணை: காற்று வறண்டிருந்தால் கோடு சட்டென்று மறையும், ஈரமிருந்தால் பரந்து மணிக்கணக்கில் நிற்கும். பத்து நிமிடமாவது நிலைத்தால் அதைக் கீற்று முகிலாகவே உலக வானிலை அமைப்பின் 2017 முகிலேடு வகைப்படுத்துகிறது. இறங்க வரும் விமானம் முகிலுக்குள்ளேயே புகுந்து வந்தாலும் பொதுவாக இந்தக் கோட்டைப் போடாது. அங்கே அவ்வளவு குளிர் இல்லை. இதையும் பாடத்தில் சேருங்கள், பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

— மறுமொழி 1

'வால்' என்றால் விமானத்தின் வாற்பகுதியோடு குழம்பாதா? தடம்தான் பொருந்தும்.

— மறுமொழி 3

மணி பதினொன்று. எனக்கு முகில்வாலும் சரி.

— தொடக்க மடலர்

நன்றி. இன்று வகுப்பில் 'முகில்வால்' என்று கரும்பலகையில் எழுதினேன். "முகில் என்றால் என்ன டீச்சர்?" என்றாள் ஒருத்தி. மேகம் என்றேன். "அப்போ மேகவால்னே எழுதலாமே" என்றாள். அச்சகத்தில் இரண்டையும் கொடுத்திருக்கிறேன், ஒன்று அடைப்புக்குறிக்குள்.

— மறுமொழி 1

அடுத்த பதிப்பிலாவது உறைதடம். 'த்' மிகாமல்.