புதுப்பிப்பு: இதயம் நின்று மீண்டவர் வீடு திரும்பிய பிறகு

முந்தைய பதிவு, நெஞ்சை அழுத்தி உயிர்மீட்டதால் வரும் விலா வலி பற்றியது. அதைப் படித்தவர்கள் அதிகம் கேட்டது மறதியும் ஐ.சி.டி. கருவியும் (இதயத்துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் ஷாக் கொடுத்துச் சரிசெய்ய, நெஞ்சில் தோலுக்கடியில் வைக்கும் கருவி).

மறதியை அலட்சியம் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள், பாவம். ஆக்சிஜன் குறைந்தால் மூளையில் சீக்கிரம் அடிபடும் பகுதிகளில் ஒன்று, புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ். பழையதெல்லாம் நினைவிருக்கும், காலையில் மாத்திரை போட்டது மறந்து, மறுபடியும் போட்டுவிடுவார்கள். கிழமைவாரியாக அறை பிரித்த பெட்டியில் வீட்டார் ஒருவரே மாத்திரை நிரப்பட்டும்.

ஐ.சி.டி. வைத்த பக்கத்துக் கையைப் பொதுவாக 4 முதல் 6 வாரம் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி இடம் மாறலாம். அதற்காக அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். கைபேசி கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும். ஒரு ஷாக் அடித்து ஆள் தெளிவாக இருந்தால், அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டு அடித்தாலோ, மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தாலோ உடனே ஆம்புலன்ஸ்.