ஆரையம்பதி குடும்பம் – வாட்ஸ்அப் குழு

தம்பி: கூரை வேலைக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். கிரிப் என்கிற கடன் பதிவில் என் பெயரில் ஒன்றுமே இல்லையாம். இப்போதைக்குத் தர ஏலாதாம்.

அம்மா: நீ ஒருத்தரிடமும் ஒரு சதம் கடன் பட்டதில்லையே மகன். அது நல்லதுதானே?

சின்னம்மா: நமக்கு நல்லதுதான் அக்கா, வங்கிக்குப் போதாது. வாங்கின கடனை இவன் எப்படிக் கட்டினான் என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். வாங்கவே இல்லை என்றால் எதைப் பார்ப்பது? நான் வங்கியில் கடன் பகுதியில் இருந்த காலத்தில் எத்தனை நல்ல பிள்ளைகள் இப்படித் திரும்பிப் போனார்கள். மனம் பொறுக்காது.

பெரியப்பா: கிரிப் என்றால் கறுப்புப் பட்டியல் இல்லையா?

சின்னம்மா: இல்லை அத்தான். அது இலங்கை கடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் விவரமும் அங்கேதான் இருக்கும். கடன் தருவதா இல்லையா என்பது வங்கியின் முடிவு.

தம்பி: நான் சீட்டுக்காசு ஒருநாளும் பிந்தினதில்லையே சின்னம்மா. கடைக் கொப்பியும் மாதக் கடைசியில் தீர்த்துவிடுவேன்.

சின்னம்மா: உன் நாணயம் ஊருக்குத் தெரியும். ஆனால் சீட்டு, கைமாற்று, கடைக் கணக்கு எதுவும் கிரிப்புக்குப் போகாது.

மச்சான்: அப்போ இன்னும் நாலு இடத்தில் விண்ணப்பம் போட்டுப் பார்ப்போமே?

சின்னம்மா: வேண்டாம் மகன். ஒவ்வொரு இடமும் உன் கிரிப் றிப்போட் எடுத்துப் பார்க்கும்போது அதுவும் பதிவாகும். அவசரப்பட்டு அலைகிறான் என்று நினைப்பார்கள். போனில் உடனே காசு தருகிற ஆப் பக்கமும் போகாதீர்கள்.

சின்னம்மா: தம்பி, சம்பளத்தைக் கையில் வாங்காமல் கணக்கில் போடச் சொல்லு. சேர்த்த காசில் ஒரு நிலையான வைப்புப் போட்டு, அதை ஈடாக வைத்துச் சின்னதாக ஒரு கிறடிட் காட் கேள். பெற்றோலுக்கும் கரண்ட் பில்லுக்கும் மட்டும் அதைப் பாவித்துக்கொள். வருகிற கணக்கை முழுவதுமாக, திகதிக்கு முதல் கட்டு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வட்டி ஏறும்.

பெரியப்பா: நாங்கள் வெள்ளாமை வெட்டினதும் மொத்தமாகக் கட்டிவிடுவோம். மிச்சம் வைத்ததில்லை.

சின்னம்மா: அங்கேதான் நம் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள் அத்தான். பயிர்ச்செய்கைக் கடனுக்கு அறுவடையைப் பார்த்துத் தவணை வைப்பார்கள். ட்ரக்டர் லீசிங் அப்படி இல்லை, மாதாமாதம் கட்ட வேணும். மார்கழியும் தையும் விட்டு, மாசியில் மூன்றையும் சேர்த்துக் கட்டினால் பாக்கி தீரும். பிந்தின மாதங்கள் றிப்போட்டில் நிற்கும்.

பெரியப்பா: பிணைக்குக் கையெழுத்து வைத்தவனுக்குமா?

சின்னம்மா: பிணை நின்றதும் உங்கள் றிப்போட்டில் இருக்கும். கடன் எடுத்தவர்கள் கட்டாவிட்டால் வங்கி உங்களைத்தான் பிடிக்கும். தம்பிக்குக் கையெழுத்து வைக்க முதல் உங்களுடையதை எடுத்துப் பாருங்கோ. காசு இல்லாமல் திரும்பின காசோலை இருந்தால் அதுவும் தெரியும். பிழையாக ஏதும் பதிந்திருந்தால், கடன் தந்த இடத்தில் எழுதிக் கொடுத்துத் திருத்தலாம்.

தம்பி: எவ்வளவு காலம் பிடிக்கும்?

சின்னம்மா: ஒரு வருஷமாவது ஒழுங்காகக் கட்டிக் காட்டு. பிறகு சின்னத் தொகையாகக் கேள். எடுத்த எடுப்பில் எட்டு லட்சம் கேட்காதே.

தம்பி: மாரி வருகுதே சின்னம்மா.

அம்மா: முன் அறைக்கு மட்டும் இப்போ ஓடு போடுவோம் மகன். இந்த மாதச் சீட்டு எனக்குத்தான். உன் சேமிப்பில் கை வைக்காதே, அதை வைப்பில் போடு.

தம்பி: சரி அம்மா. சம்பளக் கணக்குப் பற்றி முதலாளியிடம் இன்றைக்கே கதைக்கிறேன்.