ஊட்டி பிங்கர்போஸ்ட் குடும்பங்கள் (வாட்ஸ்அப் குழு): உறைஞ்ச கடலை எண்ணெயும் மீன் மாத்திரையும்

[காலை 6.48] மேல்வீட்டு அத்தை: ராத்திரி உறைபனில கடலை எண்ணெய் பாட்டில் பாதிக்கு மேல வெள்ளையா கட்டியாயிடுச்சு. நேத்து ஒரு பார்வர்டு வந்துச்சு, "பாட்டில்ல உறையிற எண்ணெய் ரத்தக்குழாய்லயும் உறையும்"னு. கொட்டிடலாமா? பிள்ளைங்களுக்கு டிபன் கட்டணும், சீக்கிரம் சொல்லுங்க.

[காலை 6.54] டயட்டீசியன் தங்கச்சி: கொட்டாதீங்க அத்தை, எண்ணெய்ல ஒரு குறையும் இல்ல. கடலை எண்ணெய்ல அராக்கிடிக், பெஹெனிக்னு நீளமான கொழுப்பு அமிலங்கள் கொஞ்சம் இருக்கும். குளிர் அஞ்சு டிகிரிக்குக் கீழ போனா முதல்ல அதுதான் மங்கலாகி கூழ் மாதிரி நிக்கும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய்ல அது ரொம்பக் குறைவு, அதனால பக்கத்துலயே இருந்தாலும் தெளிவா இருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழயே கட்டியாயிடும், நம்ம ஊர்ல அது வருஷம் பூரா கட்டிதான்.

[காலை 6.55] டயட்டீசியன் தங்கச்சி: பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் நிக்க வைங்க. பிளாஸ்டிக் பாட்டிலா இருந்தா கொதிக்கிற தண்ணி வேண்டாம், அடுப்புப் பக்கமும் வைக்காதீங்க. தெளிஞ்சதும் மெதுவா கவுத்துக் கவுத்துக் கலக்கிட்டு ஊத்துங்க, இல்லேன்னா அடியில தங்கினது கடைசி வரைக்கும் அடியிலயே கிடக்கும்.

[காலை 7.10] சிஸ்டர் அக்கா: அந்தப் பார்வர்டு தப்பு. உடம்புக்குள்ள எப்பவும் 37 டிகிரி. அதோட, சாப்பிட்ட எண்ணெய் எண்ணெயாவே ரத்தத்துல ஓடுறதில்ல. குடல்ல உடைஞ்சு, திரும்பச் சேர்ந்து, புரத உறை போட்ட சின்னச் சின்ன உருண்டையா போகுது. குழாய்ச் சுவர்ல சேருறது எல்.டி.எல்.னு ஒரு வகை உருண்டைங்க கொண்டுபோய் விடுற கொலஸ்ட்ரால், அதுவும் வருஷக்கணக்கா. எந்தக் கொழுப்பு அந்த எல்.டி.எல்லை ஏத்துதுன்னு பார்க்கணும், பாட்டில்ல உறையுதான்னு பார்த்துப் பிரயோஜனம் இல்ல.

[காலை 7.22] மேல்வீட்டு அத்தை: தெளிஞ்சிடுச்சு. தோசை ஊத்தியாச்சு 🙏

[காலை 9.31] கீழ்வீட்டுத் தம்பி: கொழுப்புப் பேச்சு வந்ததால கேக்கறேன் அக்கா. அப்பாவுக்கு 64 வயசு, ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வச்சது. கொலஸ்ட்ராலைக் குறைக்கற ஸ்டாடின் மாத்திரை (அட்டோர்வாஸ்டாடின் 40), ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போகுது. இந்த மாச ரிப்போர்ட்: மொத்தக் கொலஸ்ட்ரால் 168, ஹெச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 36, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல ஓடுற கொழுப்பு) 260. வெளிநாட்டுல இருக்கிற தங்கச்சி மீன் எண்ணெய் மாத்திரை 1000 மி.கி. பெரிய டப்பா அனுப்பியிருக்கா. தினம் ஒண்ணு குடுத்தா இதயத்துக்கு நல்லதா?

[காலை 9.40] பார்மசி அண்ணன்: டப்பாவோட பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க தம்பி. முன்பக்கம் வேண்டாம்.

[காலை 9.44] கீழ்வீட்டுத் தம்பி: 📷 போட்டோ

[காலை 9.58] பார்மசி அண்ணன்: பார்த்தாச்சு. முன்னாடி பெருசா 1000 மி.கி.னு இருக்கிறது மொத்த மீன் எண்ணெய். பின்னாடி சின்ன எழுத்துல இ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120. ஆக ஒரு மாத்திரையில வேலை செய்யிற ஒமேகா 3 வெறும் 300 மி.கி., மிச்சம் 700 சாதாரண மீன் கொழுப்பு. கடையில கிடைக்கிறதுல நிறைய இந்தக் கணக்குதான்.

ட்ரைகிளிசரைடைக் குறைக்கணும்னா டாக்டருங்க எழுதுற அளவு நாளைக்கு 2 முதல் 4 கிராம் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. 4 கிராமுக்கு இந்த மாத்திரை 13 போடணும். 13 கிராம் எண்ணெய், கிட்டத்தட்ட 120 கலோரி, நாள் பூரா மீன் ஏப்பம். ஒண்ணே ஒண்ணு போட்டா ட்ரைகிளிசரைடு அசையாது.

[காலை 10.05] கீழ்வீட்டுத் தம்பி: ட்ரைகிளிசரைடை விடுங்கண்ணா, அடுத்த அட்டாக் வராம தடுக்குமா?

[காலை 10.31] சிஸ்டர் அக்கா: இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், பொறுமையா படிங்க.

1999ல வந்த இத்தாலி ஆய்வுல ஹார்ட் அட்டாக் வந்த 11,000 பேருக்கு மேல சேர்த்து, அதுல பாதிப் பேருக்கு நாளைக்கு ஒரு கிராம் ஒமேகா 3 குடுத்துப் பார்த்தாங்க, சாவு குறைஞ்சுது. மீன் மாத்திரைக்குப் பேர் வந்ததே அதுக்கப்புறம்தான். ஆனா அந்தக் காலத்துல ஸ்டாடின் போட்டவங்க கொஞ்சம் பேர். ஸ்டாடின், ஸ்டென்ட் எல்லாம் பரவலான பிறகு அதே ஒரு கிராமைத் திரும்பச் சோதிச்சாங்க. 2018ல ரெண்டு பெரிய ஆய்வு வந்துச்சு: அசெண்ட்ல 15,480 சுகர்க்காரங்க, வைட்டல்ல 25,871 பேர். ரெண்டுலயும் அட்டாக் மாதிரி பிரச்சினையைத் தடுக்குதாங்கற முக்கியமான கேள்விக்குப் பலன் தெரியல. ஐரோப்பிய மருந்து ஆணையமும், அட்டாக் வந்தவங்களுக்கு ஒரு கிராம் குடுத்து அடுத்ததைத் தடுக்க முடியாதுன்னு முடிவு சொல்லிடுச்சு.

பலன் தெரிஞ்சது அதே 2018ல வந்த ரெட்யூஸ்-இட் ஆய்வுல. அது மீன் எண்ணெய் இல்ல, சுத்திகரிச்ச இ.பி.ஏ. மட்டும் இருக்கிற ஐகோசாபென்ட் ஈத்தைல்னு ஒரு மருந்து, நாளைக்கு 4 கிராம். ஆய்வுல இருந்தவங்க 8,179 பேர், எல்லாருக்கும் ஸ்டாடின் போய்க்கிட்டிருக்கு, ட்ரைகிளிசரைடு 135க்கு மேல. அஞ்சு வருஷத்துல நூத்துக்கு 22 பேருக்கு வந்த இதய, ரத்தக்குழாய்ப் பிரச்சினை, மருந்து எடுத்தவங்கள்ல 17 பேருக்குக் குறைஞ்சுது. ஆனா ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவுக்கு மருந்துக்குப் பதிலா குடுத்த மினரல் ஆயில் அவங்க எல்.டி.எல்லைக் கொஞ்சம் ஏத்திடுச்சு, அதனாலதான் வித்தியாசம் பெருசா தெரியுதோன்னு இன்னும் விவாதம் ஓடுது. 2020ல ஸ்ட்ரென்த் ஆய்வு இ.பி.ஏ.வும் டி.ஹெச்.ஏ.வும் சேர்த்து அதே 4 கிராம், 13,078 பேர். பலன் இல்லாம பாதியிலயே நிறுத்திட்டாங்க.

[காலை 10.33] சிஸ்டர் அக்கா: இன்னொண்ணு, இதுதான் எனக்குக் கவலை. 4 கிராம் போட்ட ரெண்டு ஆய்வுலயும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு தாறுமாறாகிறது, கொஞ்சம் கூடுச்சு. ரத்தக்கசிவும் லேசா கூடுது. அப்பாவுக்கு ஏற்கெனவே ரெண்டு ரத்தம் இளக்கற மாத்திரை போகுது. அதனால நீங்களா 10, 12னு ஏத்திடாதீங்க. படபடப்பு, துடிப்பு விட்டு விட்டு வர்றது தெரிஞ்சா அன்னிக்கே இ.சி.ஜி.

[காலை 10.47] தேயிலை மாமா: தெர்மாகோல் கப்புல மீன் மாத்திரையை வெட்டி ஊத்தினா கப்பு ஓட்டையாகுதுன்னு வீடியோ சுத்துதே, வயித்தையும் அப்படித்தான் அரிக்குமா?

[காலை 10.59] பார்மசி அண்ணன்: இல்ல மாமா. பல மீன் மாத்திரைங்க ஈத்தைல் எஸ்டர் வடிவத்துல இருக்கு, அது தெர்மாகோலைக் கரைக்கும். எலுமிச்சைத் தோல் எண்ணெயும் கரைக்கும். வயித்துல தெர்மாகோல் இல்ல. அக்கா சொன்ன அந்த 4 கிராம் மருந்தும் ஈத்தைல் எஸ்டர்தான். அந்த வடிவம் வெறும் வயித்துல சரியா உடம்புல ஏறாது. கொழுப்பு இருக்கிற சாப்பாட்டோட, மதியம் நடுவுல போடணும். ஏப்பமும் குறையும்.

கெட்டுப்போச்சான்னு பார்க்க எளிய வழி: ஒண்ணை ஊசியால குத்தி மோந்து பாருங்க. லேசா மீன் வாசம் சரி. பெயின்ட் மாதிரியோ புளிச்சோ காறினா டப்பாவோட தூக்கிப் போடுங்க. மழைக்காலத்துல இங்க ஈரத்துக்கு மாத்திரைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், அதுக்குன்னு கேஸ் அடுப்புக்கு மேல அலமாரியில வைக்கக் கூடாது. சூடு பட்டா ஒமேகா 3 சீக்கிரம் காறிடும்.

காட் லிவர் ஆயில்னு ஒண்ணு வருமே, அது வேற. அதுல ஏ, டி வைட்டமின் இருக்கு. ஒமேகா 3 வேணும்னு அதை நிறையப் போட்டா வைட்டமின் ஏ மிஞ்சிடும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

[மதியம் 12.20] சிஸ்டர் அக்கா: தம்பி, அப்பா ரிப்போர்ட்ல எல்.டி.எல். எழுதலையே. கணக்குப் போட்டேன். 168ல 36 கழிச்சா 132, அது ஹெச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால். அதுல ட்ரைகிளிசரைடோட அஞ்சுல ஒரு பங்கு, 52, கழிச்சா எல்.டி.எல். 80. (ட்ரைகிளிசரைடு 400க்கு மேல போனா இந்தக் கணக்கு செல்லாது, நேரடியா அளக்கணும்.)

ஸ்டென்ட் வச்சவங்களுக்கு 80 அதிகம். 70க்குக் கீழயாவது வேணும், இப்போ பல டாக்டருங்க 55க்கே கொண்டு வரச் சொல்றாங்க. அப்பாவுக்கு முதல் வேலை இதுதான். ஸ்டாடின் அளவைக் கூட்டுறதா, எசெடிமைப்னு இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையைச் சேர்க்கிறதான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். மீன் மாத்திரை வந்துடுச்சுன்னு ஸ்டாடினை ஒருநாள் கூட விட்டுடாதீங்க.

[மதியம் 12.24] பார்மசி அண்ணன்: அக்கா சொன்னதை ரெண்டு தரம் படிங்க தம்பி. "இயற்கை மாத்திரை இருக்கே"ன்னு ஸ்டாடினை நிறுத்தறதுலதான் உயிர் போகுது.

[மதியம் 1.15] டயட்டீசியன் தங்கச்சி: 260க்கு நான் வர்றேன் அண்ணா. அப்பா நாளைக்கு எத்தனை டீ?

[மதியம் 1.18] கீழ்வீட்டுத் தம்பி: குளிருக்கு ஆறு போகும். ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. காலையிலயும் சாயங்காலமும் ரெண்டு ரெண்டு வர்க்கி.

[மதியம் 1.34] டயட்டீசியன் தங்கச்சி: ஆறு டீக்கு பன்னெண்டு ஸ்பூன், 50 கிராமுக்கு மேல சர்க்கரை. நாலு வர்க்கியில மைதா, கொழுப்பு, அதுலயும் சர்க்கரை. செலவாகாத மாவையும் சர்க்கரையையும் ஈரல்தான் ட்ரைகிளிசரைடா மாத்தி ரத்தத்துல விடுது. 260க்கு எண்ணெயைத் திட்டுறதுக்கு முன்னாடி டீ டம்ளரைப் பாருங்க. ஒரு வாரத்துல ஒரு ஸ்பூன், அடுத்த வாரம் அரை, மூணாவது வாரம் சர்க்கரை இல்லாமல். நாட்டுச்சர்க்கரைக்கு மாத்தினா கணக்கு மாறாது. மது இருந்தா முழுசா நிறுத்தணும், அதுவும் ட்ரைகிளிசரைடை நல்லா ஏத்தும். சுகரோட மூணு மாச சராசரியும் தைராய்டும் ஒருதரம் பாருங்க, ரெண்டுல எது கெட்டிருந்தாலும் ட்ரைகிளிசரைடு ஏறும்.

மறுபடி டெஸ்ட் ஆறு வாரம் கழிச்சு. முந்தின ராத்திரி எட்டு மணிக்கு லேசா சாப்பிட்டுட்டு, காலைல தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போங்க. கல்யாண விருந்துக்கு மறுநாள் போகாதீங்க. 500ஐத் தாண்டினா கணையம் வீங்கற ஆபத்து இருக்கு, அப்போ காத்திருக்கக் கூடாது.

[மதியம் 2.02] பேக்கரி பெரியப்பா: வர்க்கி பேச்சு வந்ததால உள்ளதைச் சொல்றேன். மாவை விரிச்சு, கட்டியான கொழுப்பைத் தடவி, மடிக்க மடிக்கத்தான் அடுக்கு வரும். எண்ணெய் ஊத்தினா மாவு குடிச்சுடும், அடுக்கு நிக்காது. அதனாலதான் வனஸ்பதி. அதுல முன்னாடி ட்ரான்ஸ் கொழுப்பு நிறைய இருந்துச்சு. 2021ல 3 சதவீதம், 2022 ஜனவரிலேர்ந்து 2 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு சட்டம் வந்துடுச்சு. இப்போ வர்ற சரக்குல ட்ரான்ஸ் குறைவு, ஆனா அந்த இடத்துல பாமாயில் கெட்டிக் கொழுப்பு. அது நிறைவுற்ற கொழுப்புதானே. ஸ்டென்ட் வச்சவரு தினம் நாலு சாப்பிடறது எனக்கே சம்மதமில்ல தம்பி. ஞாயித்துக்கிழமை ஒண்ணு போதும்.

[மதியம் 2.10] டயட்டீசியன் தங்கச்சி: நன்றி பெரியப்பா 🙏 ட்ரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்லை ஏத்தி, ஹெச்.டி.எல்லை இறக்கும், ரெண்டு பக்கமும் அடி. பாக்கெட்ல "ட்ரான்ஸ் இல்லை"ன்னு போட்டிருந்தாலும் பக்கத்துல நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம்னு படிங்க.

[மதியம் 2.41] மேல்வீட்டு அத்தை: அப்போ சமையலுக்கு எந்த எண்ணெய்? அளவும் சொல்லு.

[மதியம் 3.05] டயட்டீசியன் தங்கச்சி: கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டு எண்ணெய். ஒரு மாசம் ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணுன்னு மாத்துங்க. தேங்காய் எண்ணெய்ல பத்துல ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. மத்த தாவர எண்ணெயோட ஒப்பிட்டா எல்.டி.எல்லை சுமார் 10 கூட்டுது. அவியலுக்கு ஒரு ஸ்பூன் சரி, பொரிக்கிறதுக்கு வேண்டாம். சூரியகாந்தி எண்ணெய்ல இருக்கிற ஒமேகா 6 விஷம்னு பரவுறதும் சரியில்ல, நெய், வனஸ்பதி இடத்துல அதை வச்சா எல்.டி.எல். இறங்கும்.

அளவு, ஆளுக்கு நாளைக்கு 20 கிராம், நாலு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல, நெய்யும் சேர்த்துதான். நாலு பேர் வீட்டுக்கு மாசத்துக்கு 2,400 கிராம், லிட்டர்ல 2.6. பாட்டிலைத் திறக்கிற தேதியை மேல எழுதி வைங்க. இருபதாம் தேதியே தீர்ந்துச்சுன்னா எங்க கூடுதுன்னு தெரிஞ்சுடும். வடை பொரிச்ச எண்ணெயை வடிகட்டி அன்னிக்கோ மறுநாளோ தாளிக்கத் தீர்த்துடுங்க. திரும்பப் பொரிக்க வேண்டாம், கருத்து நுரைச்சா கீழ ஊத்திடுங்க.

[மாலை 4.20] தேயிலை மாமா: எங்க வீட்ல சைவம். ஆளி விதை போதுமா?

[மாலை 4.38] டயட்டீசியன் தங்கச்சி: நல்லது மாமா, ஆனா பொடிச்சு. முழுசா முழுங்கினா அப்படியே வெளிய வந்துடும். லேசா வறுத்து, ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும் பொடிச்சு, காத்துப் புகாத டப்பாவுல. தினம் ஒரு டேபிள்ஸ்பூன், சாமைக் கஞ்சியிலயோ மோர்லயோ. அதுல சுமார் ஒன்றரை கிராம் ஏ.எல்.ஏ.ங்கிற தாவர ஒமேகா 3 இருக்கு. உடம்பு அதுல கொஞ்சத்தைத்தான் இ.பி.ஏ. ஆக்கும், டி.ஹெச்.ஏ. அதைவிடக் குறைவு. அதனால மீனுக்குச் சமம்னு சொல்ல மாட்டேன். பாசியிலேர்ந்து எடுக்கிற டி.ஹெச்.ஏ. மாத்திரை சைவத்துக்கு உண்டு, ஆனா இதயத்துக்குன்னு வாங்கிப் போட வேண்டிய கட்டாயம் இல்ல.

[மாலை 5.15] கீழ்வீட்டுத் தம்பி: அப்பா மீன் சாப்பிடுவார். எது, எவ்வளவு?

[மாலை 5.29] சிஸ்டர் அக்கா: மத்தி, அயிலை, நெத்திலி. வாரம் ரெண்டு நாள், வெந்தது 100 கிராம். கொழுத்த மத்தி 100 கிராம்ல ஒமேகா 3 ஒரு கிராமுக்கு மேலயே இருக்கும், அந்த மாத்திரை மூணு, நாலுக்குச் சமம். குழம்பா வைங்க, வறுக்க வேண்டாம்.

மலைக்கு மேல வர்ற மீன்ல ஒரு கவனம். மத்தி, அயிலை ரெண்டும் ஐஸ் விட்டுப்போனா ஹிஸ்டமின்னு ஒரு நச்சு சேரும். அது எவ்வளவு கொதிச்சாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு வரும். செவுள் சிவப்பா, கண் உப்பலா, விரல் வச்சு அழுத்தினா குழி விழாம இருக்கணும். பெட்டியில ஐஸ் தண்ணியா ஓடுதுன்னா விட்டுட்டு வந்துடுங்க, குளிர் ஊர்தானேன்னு நம்பாதீங்க.

[மாலை 5.33] கீழ்வீட்டுத் தம்பி: வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். ரிப்போர்ட்டோட டப்பாவையும் எடுத்துட்டுப் போறேன்.

[மாலை 5.36] பார்மசி அண்ணன்: போட்டுக்கிட்டிருக்கிற எல்லா மாத்திரை அட்டையும் எடுத்துட்டுப் போங்க. டப்பாவை இன்னும் திறக்கலைன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் திறக்க வேண்டாம்.

[மாலை 5.37] கீழ்வீட்டுத் தம்பி: திறக்கலைண்ணா.