தோட்டக்கலைப் பயிற்சிக்கு இன்னும் இரண்டு மாதம்: கத்தியா, செடிப் பெயரா?

வெட்சிக்கொத்து:
பினாங்கில் எஸ்கேஎம் என்கிற மலேசியத் திறன் சான்றிதழுக்கான தோட்டக்கலைப் பயிற்சியில் இடம் கிடைத்த ஒரு தம்பி, தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது, அதற்குள் எதைப் பழகலாம் என்று கேட்டிருந்தார். கத்தியைத் தொடவேண்டாம் தம்பி. முதலில் செடிகளை அடையாளம் காணப் பழகுங்கள். 1884-இல் தொடங்கிய நம் தண்ணீர்மலைத் தாவரத் தோட்டத்துக்குப் போய் நாகலிங்க மரத்தைப் பாருங்கள். அடிமரத்தில் சிக்குச்சிக்காகத் தொங்கும் குச்சிகள் வேண்டாத கிளை மாதிரித்தான் தெரியும். பூவே அதில்தான் வருகிறது. சுத்தம் செய்கிறேன் என்று சீவினால் பூ போச்சு. புத்தர் கோவில்களில் இதையே சால மரம் என்பார்கள். உண்மையான சாலம் ஷோரியா ரோபஸ்டா, குடும்பமே வேறு. ஆகவே குரூபிட்டா கியானென்சிஸ் என்று லத்தீனிலேயே பழகுங்கள்.

பதியன்:
ஒப்புக்கொள்ள மாட்டேன். பெயரை வகுப்பில் படித்துக்கொள்ளலாம், வேர் நம் வசதிக்கு வராது. கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைப்பதுதான் விண்பதியம், மலாயில் 'தூட்'. அது வேர்விட 6 முதல் 8 வாரம் பிடிக்கும். இன்று கட்டினால் பயிற்சி தொடங்கும்போது பலன் தெரியும். எஸ்கேஎம்மில் செய்து காட்டியாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

எலுமிச்சை அல்லது ஜம்பு ஆயர் என்கிற நீர் ஆப்பிள் மரத்தில் பென்சில் தடிமனுக்கு ஒரு கிளை போதும். 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரியுங்கள். அடியில் வழவழப்பான படலம் இருக்கும். கத்தியின் முதுகால், தொட்டால் விரல் வழுக்காமல் போகும் வரை சுரண்டுங்கள். அது மிஞ்சினால் மேல்பட்டையும் கீழ்ப்பட்டையும் மறுபடி கூடிவிடும், வேர் வராது. தேங்காய் நார்த்தூளை நனைத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் விழவேண்டும். அதை வைத்து, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கால் சுற்றி, மேல்பக்கக் கட்டு நன்றாக இறுகும்படி கட்டுங்கள். தளர்ந்தால் மழைநீர் கிளை வழியே இறங்கி எல்லாம் அழுகும். வெள்ளை வேர் பழுப்பானதும் வெட்டலாம்.

வெட்சிக்கொத்து:
செய்முறை சரி. என் பயம் வேறு. ஒட்டுக்கட்ட ஒரே இழுப்பில் தட்டையான வெட்டு வேண்டும். தானாகப் பழகிய கை ரம்பம் மாதிரி அறுக்கும். வெட்டுமுகம் குழிந்து, நடுவில் இடைவெளி விழுந்து, ஒட்டு காய்ந்துவிடும். அந்தப் பழக்கத்தை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். கண் பழகினால் கெடுதல் இல்லை. வெட்சியின் எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே, தண்டோடு ஒட்டி ஒரு சின்ன முக்கோணச் செதில் இருக்கும். நுணாவிலும் காப்பியிலும் அதே செதில்தான். அதைப் பிடித்துவிட்டால், பெயர் தெரியாத செடியையும் ரூபியேசி குடும்பமாக இருக்கலாம் என்று சொல்லிவிடலாம்.

மண்வாசல்:
இருவருமே கணக்கை விட்டுவிட்டீர்கள். 12 சதுர மீட்டர் பாத்தி, சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன் என்றால் மொத்தம் 60 கிராம். 15:15:15 உரத்தில் நைட்ரஜன் 15 விழுக்காடுதான், ஆக 400 கிராம் உரம் வேண்டும். 60 கிராம் உரத்தை நிறுத்துப் போட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு.

தெளிப்பானையும் வெறும் தண்ணீரில் பழகுங்கள். 10-க்கு 10 மீட்டர் இடத்துக்கு 4 லிட்டர் செலவானால், 16 லிட்டர் தொட்டி 400 சதுர மீட்டருக்கு வரும். ஹெக்டருக்கு 1 லிட்டர் மருந்து என்று லேபிள் சொன்னால் தொட்டிக்கு 40 மில்லி. நடை வேகம் மாறினாலும் நாசில் தேய்ந்தாலும் மறுபடி அளக்கவேண்டும்.

பதியன்:
கணக்கை ஏற்கிறேன். ஆனால் வெட்சி, விண்பதியத்தில் நீங்கள் பயப்படும் இழுப்பு வெட்டே கிடையாது. இரண்டு வளையக் கீறல், ஒரு நேர்க்கீறல், அவ்வளவுதான். ஒட்டுக்கட்டுவதை வகுப்புக்கு விட்டுவிடட்டும்.

வெட்சிக்கொத்து:
பதியம் மட்டும் என்றால் சரி. மூன்று கிளையில் கட்டட்டும், ஒன்றில் மட்டும் படலத்தைச் சுரண்டாமல் விடட்டும், வித்தியாசம் கண்ணில் தெரியும். கட்டும் மரம் சிசிஜியம் அகுவேயமா, சமரங்கென்ஸா என்று பார்த்து அட்டையில் எழுதித் தொங்கவிடட்டும். ஊரில் இரண்டையும் ஜம்பு ஆயர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.